கை நடுங்குகிறது, எல்லாவற்றுக்கும் லைம்தான் காரணமா?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்ட் பக்கம் வசிக்கும் 41 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். மென்பொருள் வேலை, எச்-1பி விசா, முடிவில்லாத கிரீன் கார்டு காத்திருப்பு, கணவர், ஒன்பது வயது மகள். போன ஜூன் மாதம் முழங்காலுக்குப் பின்னால் கன்றிப்போனது மாதிரி ஒரு தடிப்பு வந்தது. இன்டர்நெட்டில் காட்டுகிற சிவப்பு வளையம் மாதிரி இல்லை, அதனால் எங்கோ இடித்துக்கொண்டோம் என்று விட்டுவிட்டார். ஆகஸ்டில் ஒரு காலை பல் தேய்க்கும்போது வாயின் ஒரு ஓரத்தில் தண்ணீர் வழிந்தது, வலது கண் மூடவில்லை. எமர்ஜென்சிக்கு ஓடினார்கள். ரத்தப் பரிசோதனையின் இரண்டு கட்டமும் பாசிட்டிவ், உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியாத் தொற்றான லைம் நோய். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை மூன்று வாரம். முகம் ஒன்றரை மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது.

மற்றது எதுவும் ஆகவில்லை. அசதி, முழங்கால் வலி, தூக்கமின்மை, மீட்டிங்கில் பேச வாயெடுத்தால் சொல் வராமல் திணறுவது. அக்டோபரில் குடும்ப டாக்டர் பதற்றம் என்று சொல்லி எஸ்சிடலோபிராம் ஆரம்பித்தார். நவம்பரிலிருந்து இரண்டு கையும் நடுங்குகின்றன: கப்பைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது, மவுஸ் பிடிக்கும்போது. எம்.ஆர்.ஐ. சரியாக இருக்கிறது. "எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறொரு கிளினிக்கில் 'நாள்பட்ட லைம்' என்று சொல்லி, கையில் பிக் லைன் என்ற குழாய் போட்டு ஆறு மாதம் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஏற்ற வேண்டும் என்கிறார்கள், செலவு சொந்தப் பணத்தில். கணவர் வீட்டுச் சேமிப்பை எடுக்கத் தயார். தஞ்சாவூரில் இருக்கும் அம்மா "எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வா" என்கிறார். இது மூளைக்குப் போன லைமா, பார்க்கின்சனா, மாத்திரையைப் பாலோடு விழுங்கியதால்தான் கிருமி சாகவில்லையா, ஆபீஸில் சொல்லலாமா, மகளுக்கு ஒட்டுமா என்று கேட்கிறார்.

சகோதரி, நீங்கள் லைம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு நரம்பியல் மருத்துவராக என்னை நிறுத்தியது போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன மூன்று வரிகள். "அப்பாவுக்கும் ஐம்பதுக்கு மேல டம்ளர் பிடிச்சா கை ஆடும், அது வயசு." "ஆஸ்துமா இருக்கு, இந்தக் குளிர்ல ஆல்பியூட்டரால் இன்ஹேலர் நிறைய தேவைப்பட்டுச்சு." "காபி நாலஞ்சு கப் ஆகுது, இல்லன்னா உட்கார முடியல." இதோடு அக்டோபரில் தொடங்கிய எஸ்சிடலோபிராமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது, கூடாது. ஆனால் உங்கள் நடுக்கத்துக்கு லைமைக் காரணம் சொல்வதற்கு முன்னால் கேட்டு முடிக்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன, அவற்றை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நடுக்கத்தைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்

லைம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும், அதில் சந்தேகமில்லை. உங்களுக்கு வந்த முகவாதமே அதுதான். முகவாதம், மூளையுறை அழற்சி, முதுகிலிருந்து கை கால்களுக்கு மின்சாரம் பாய்வது போன்ற நரம்பு வேர் வலி, இவைதான் அது வழக்கமாகக் காட்டும் முகங்கள். இரண்டு கையும் நடுங்குவது இந்த வரிசையில் இல்லை. மூளைக்குள்ளேயே அழற்சி ஏற்படுவது அரிது, ஏற்பட்டால் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.யிலோ முதுகுத்தண்டு நீரிலோ தடயம் இருக்கும். உங்கள் எம்.ஆர்.ஐ. சுத்தம். முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டுமா என்பதை உங்களைத் தட்டிப் பார்த்து, நடக்கவைத்துப் பார்க்கிற நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும். எல்லோருக்கும் அது தேவைப்படாது.

பார்க்கின்சன் பயத்துக்கு வருகிறேன். "மடியில் கை சும்மா கிடக்கும்போது ஆடுவதில்லை, ஏதாவது செய்தால்தான்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்: ஓய்வாக இருக்கும்போது ஆடும், ஒரு பக்கத்தில் தொடங்கும், கூடவே அசைவுகள் மந்தமாகும், எழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். உங்களுக்கு எழுத்து கோணலாகிறது, சின்னதாகவில்லை. அந்தப் பயத்தை இப்போதைக்குக் கீழே வையுங்கள்.

செயலின்போது வரும் நடுக்கத்துக்குக் காரணங்கள் வேறு. நம் எல்லோர் கையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம் எப்போதும் இருக்கிறது, அதைப் பெரிதாக்கிக் காட்டும் விஷயங்கள் உண்டு: ஆல்பியூட்டரால், எஸ்சிடலோபிராம் வகை மருந்துகள், காபி, தூக்கக் கெடுதல், பதற்றம், அதிகமாகச் சுரக்கும் தைராய்டு. இதில் பாதிக்கு மேல் உங்களிடம் இருக்கிறது. தைராய்டு பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. பி12-ம் இல்லை, நீங்களோ பிறந்ததிலிருந்து சைவம். பி12 குறைந்தால் நடுக்கத்தைவிட அசதியும் மறதியும்தான் முதலில் வரும், அவை இரண்டும் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. "எல்லா டெஸ்டும் நார்மல்" என்று யாராவது சொன்னால் எந்த எல்லாம் என்று கேட்டு, ரிசல்ட்டைக் கையில் வாங்கிவிடுங்கள்.

அப்பாவின் கை. நெருங்கிய உறவில் ஒருவருக்கு இப்படி டம்ளர் பிடித்தால் ஆடும் கை இருந்தால், பரம்பரையாக வரும் எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்க நோய் நினைவுக்கு வர வேண்டும். நம் ஊரில் அதை வயசு என்று சொல்லி விட்டுவிடுவார்கள். மூன்று வருடமாவது தொடர்ந்து இருந்தால்தான் இந்தப் பெயரை முறைப்படி வைக்கலாம், அதனால் இப்போது உங்கள் நரம்பியல் மருத்துவர் தயங்கினால் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள். கவனம் வேறு பக்கம் திரும்பினால் நிற்கிற, வந்து வந்து போகிற செயல்பாட்டு நடுக்கம் (ஃபங்ஷனல் ட்ரெமர்) என்று ஒன்றும் இருக்கிறது. கடும் நோய்க்குப் பிறகு அது வரலாம், நடிப்பு இல்லை, அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபி உதவுகிறது. இதையும் அவர் சோதித்துப் பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. உறவுக்கார டாக்டர் ஒருவர் போனிலேயே பிராப்ரனலால் போடச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நடுக்கத்துக்கு நல்ல மருந்துதான், ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். போதாக்குறைக்கு அது இதயத் துடிப்பைக் குறைக்கும், லைமோ சிலருக்கு இதயத்தின் மின்கடத்தலையே தடுக்கக்கூடியது, அதனால் ஒரு ஈ.சி.ஜி. எடுக்காமல் இந்தப் பேச்சே கூடாது. அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். எஸ்சிடலோபிராமையும் இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள், தினசரித் தடுப்பு இன்ஹேலர் பற்றிப் பேசுங்கள். ஆல்பியூட்டரால் குறைந்தாலே கை எவ்வளவு அடங்குகிறது என்று பார்க்கலாம்.

மிச்சமிருக்கும் அசதியும் மந்தமும்

இது கற்பனை இல்லை. சரியான சிகிச்சை எடுத்த பிறகும் நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு அசதி, உடம்பு வலி, யோசிக்கச் சிரமம் ஆகியவை ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றன என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியே சொல்கிறது. லைம் சிகிச்சைக்குப் பிந்தைய தொகுதி என்று அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை: நோயெதிர்ப்பு மண்டலம் அடங்காமல் இருப்பதா, கிருமியின் துணுக்குகள் தங்கிவிடுவதா என்று ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலோர் தேறுகிறார்கள், ஆனால் மாதக்கணக்கு ஆகும்.

உங்களைப் பதற்றம் என்று சொல்லி அனுப்பியதில் உங்களுக்குக் கோபம், நியாயமான கோபம். நீங்கள் இருக்கும் மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய லைம், ஓல்டு லைம் ஊர்களில் 1970களில் குழந்தைகளுக்குக் கூட்டமாக மூட்டு வீங்கியது. பாலி மரே என்ற தாய் தன் குடும்பத்துக்கு வந்த நோய்களை வருடக்கணக்கில் குறித்து வைத்திருந்தார், டாக்டர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1975இல் அவரும் இன்னொரு தாயும் விடாமல் சுகாதாரத் துறைக்குப் போன் போட்ட பிறகுதான் யேல் பல்கலையிலிருந்து ஆலன் ஸ்டியர் விசாரிக்க வந்தார். வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் வயிற்றில் கிருமியைக் கண்டுபிடித்தது அதற்கும் பிறகு, 1980களின் தொடக்கத்தில். டாக்டர்கள் நம்பவில்லை என்ற மனக்குறை இந்த நோயோடு பிறந்தது. அந்த மனக்குறைதான் இன்று சில கிளினிக்குகளுக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது என் கருத்து, கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால் விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். பால், இரும்பு மாத்திரை, ஆன்டாசிட் எல்லாம் டாக்ஸிசைக்ளின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும், உண்மைதான். அதிலும் பால் கொஞ்சம்தான் குறைக்கும், முழுதாகத் தடுத்துவிடாது. உங்கள் முகம் தேறியதே மருந்து வேலை செய்ததற்கு நல்ல அடையாளம். தடிப்பைத் தவறவிட்டதற்கும் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். வளையம் வளையமாக வருவது எல்லோருக்கும் இல்லை, நம் நிறத் தோலில் அது கன்றல் மாதிரியும் தெரியலாம், டாக்டர்களே தவறவிடுகிறார்கள்.

அந்த ஆறு மாத ஊசி

வேண்டாம். இதில் நான் சுற்றி வளைக்கப் போவதில்லை.

கிளினிக் காட்டும் ஆதாரம் இரண்டு. ஒன்று, இப்போதும் ரத்தத்தில் பாசிட்டிவ். நீங்கள் இணைத்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன்: தொற்று வந்ததும் உடம்பு முதலில் உருவாக்கும் எதிர்ப்புப் புரதமான ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்று சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார்கள். நோய் தொடங்கி முதல் முப்பது நாளுக்குள் மட்டுமே ஐஜிஎம்முக்கு மதிப்பு, அதற்குப் பிறகு தனியாக அது பாசிட்டிவ் ஆவதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பின்னால் உருவாகும் எதிர்ப்புப் புரதமான ஐஜிஜியோ குணமான பிறகும் வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கலாம். இந்தப் பரிசோதனை கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை, உடம்பு எப்போதோ கிருமியைச் சந்தித்ததா என்று பார்க்கிறது. இரண்டாவது ஆதாரமான சிறுநீர்ப் பரிசோதனையை லைமுக்குச் செய்ய வேண்டாம் என்றே நிபுணர் அமைப்புகள் சொல்கின்றன.

சரி, பரிசோதனை எப்படியோ போகட்டும், மருந்து கொடுத்துத்தான் பார்ப்போமே என்று உங்கள் கணவர் கேட்கிறார். கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், உங்களைப் போலவே சிகிச்சைக்குப் பிறகும் அவதிப்பட்டவர்களில் ஒரு பிரிவுக்கு ஒரு மாதம் செஃப்ட்ரியாக்ஸோன் ஏற்றி, அப்புறம் இரண்டு மாதம் டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து. வித்தியாசம் இல்லை. 2016இல் நெதர்லாந்தில் 280 பேரை வைத்துப் பன்னிரண்டு வாரக் கூடுதல் மருந்தைச் சோதித்தபோதும் அதே முடிவுதான். ஒரு சிறிய ஆய்வில் அசதி மட்டும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஊசிக் குழாயால் வந்த தொல்லைகளைப் பார்த்துவிட்டு அந்த ஆய்வாளர்களே அதைப் பரிந்துரைக்கவில்லை. 2001 ஆய்வில் போலி மருந்து எடுத்தவர்களிலும் கணிசமானோர் தேறினார்கள். "எனக்கு ஊசி போட்டுத்தான் சரியாச்சு" என்று உங்களிடம் சொன்ன தோழி பொய் சொல்லவில்லை, ஊசி போடாமலும் அவருக்குச் சரியாகியிருக்கலாம் என்பதுதான் விஷயம்.

ஆபத்து என்று பார்த்தால், பிக் லைன் என்பது மேல்கை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற குழாய். அதில் கிருமி தொற்றலாம், ரத்தம் உறையலாம். செஃப்ட்ரியாக்ஸோன் பித்தப்பையில் கல் மாதிரி படியும். நீண்ட ஆன்டிபயாட்டிக் குடலில் சி. டிஃபிசைல் என்ற கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். 'நாள்பட்ட லைம்' சிகிச்சையால் கடும் தொற்றுக்கு ஆளான ஐந்து பேரைப் பற்றி 2017இல் சிடிசி வெளியிட்டது, அதில் உயிரிழப்பும் உண்டு. "மருந்து ஆரம்பித்து மூன்று மாதம் நடுக்கம் கூடும், அது கிருமி சாவதன் அடையாளம்" என்று அங்கே சொன்னார்களாம். கிருமி சாகும்போது வரும் அந்த எதிர்வினை உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் முதல் மாத்திரைக்குப் பிறகு ஒரு நாளுக்குள் வந்து ஓரிரு நாளில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் நீடிக்காது.

"சட்டமே அனுமதிக்கிறதே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கனெக்டிகட்டில் 2009இல் வந்த சட்டம், நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்ததற்காக மட்டும் டாக்டர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது. அது டாக்டருக்குப் பாதுகாப்பு, மருந்துக்குச் சான்றிதழ் ஆகாது. இன்ஷூரன்ஸ் பற்றியும் அங்கே தனிச் சட்டம் உண்டு: முப்பது நாள் ஊசி, அறுபது நாள் மாத்திரை வரை தர வேண்டும், அதற்கு மேல் போனால் தொற்றுநோய், மூட்டு அல்லது நரம்பியல் நிபுணர் பரிந்துரைக்க வேண்டும். கம்பெனி தன் சொந்தப் பணத்தில் நடத்தும் காப்பீடாக இருந்தால் மாநிலச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தச் சேமிப்பில் சின்னப் பகுதியை எடுத்து, தொற்றுநோய் நிபுணர் ஒருவரிடமும் நடுக்கம் பார்க்கும் நரம்பியல் நிபுணர் ஒருவரிடமும் இரண்டாவது கருத்துக் கேட்கலாம்.

நாளைக்கு ஆபீஸ் போக வேண்டுமே

காரணம் தெளிவாகும்வரை கையோடு வாழ்ந்துதான் ஆக வேண்டும். காபியை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், வாரத்துக்கு ஒரு கப் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், மதியத்துக்குப் பிறகு வேண்டாம். கப்பைப் பாதி மட்டும் நிரப்புங்கள், மூடி போட்ட கனமான கப் இன்னும் நல்லது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் கை ஆடுவது குறையும். கணினியில் மவுஸ் வேகத்தைக் குறைத்து, ஒரே எழுத்து இரண்டு தடவை விழுவதைத் தடுக்கும் ஃபில்டர் கீஸ் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், நீளமான மெயிலை வாயால் சொல்லி எழுதவையுங்கள். மூளை தெளிவாக இருக்கும் நேரம் உங்களுக்குக் காலை என்றால் கஷ்டமான வேலையை அங்கே வையுங்கள். இதையெல்லாம்விட முக்கியம், நல்ல நாள் வந்துவிட்டது என்று வீடு முழுக்கத் துடைத்து, துணி மடித்து, பத்துப் பேருக்குச் சமைத்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் விழுவதை நிறுத்துங்கள். நல்ல நாளிலும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட வேண்டும். நம் வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் என் வேலையிலேயே சிரமமானது.

தூக்கத்துக்கு மாத்திரையைவிட, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றித் தூக்கத்தைச் சீராக்கும் சிபிடி பயிற்சியை முதலில் கேளுங்கள். குறட்டை உண்டா என்று கணவரைக் கேளுங்கள். "எதற்கு இருக்கிறோம்னு தோணுது" என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது, அதை நான் தாண்டிப் போகவில்லை. அந்த எண்ணம் கனமானால் இரவு எந்நேரமும் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழைக்கலாம், இந்த வார சந்திப்பில் டாக்டரிடமும் அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

வேலை பற்றி, நான் வக்கீல் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான ஏடிஏ சட்டப்படி தகுந்த வசதி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, எச்-1பி என்பதால் அது குறையாது. எச்ஆருக்கு மட்டும், என்ன செய்ய முடியவில்லை, என்ன வசதி வேண்டும் என்று டாக்டர் கடிதத்தோடு சொன்னால் போதும், டீமில் யாருக்கும் நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஒரு வருட சர்வீஸ் முடித்திருந்தால், பெரிய நிறுவனங்களில் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டமான எஃப்எம்எல்ஏ மூலம் பன்னிரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்கும், அதை நாள் நாளாகவும் எடுக்கலாம். கனெக்டிகட்டில் 2022 முதல் அந்த விடுப்புக்கு ஊதியத்தில் ஒரு பகுதி தரும் மாநிலத் திட்டமும் இருக்கிறது. வேலை உங்கள் பெயரில் நிற்கும்வரை முறையான விடுப்பால் விசா போகாது. வேலையை ராஜினாமா செய்தால் அறுபது நாள்தான். அதனால் முடிவெடுக்கும் முன் குடிவரவு வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

அம்மாவும் மகளும்

அம்மாவிடம் ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வருவது நல்லதுதான், ஓய்வுக்காக. சிகிச்சைக்காக என்று போகாதீர்கள். தமிழ்நாட்டு டாக்டர்கள் லைமைப் பார்ப்பதே அரிது, அங்கே உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது ஸ்க்ரப் டைபஸை, அது வேறு கிருமி. ரிப்போர்ட் நகல்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சித்த மருந்து எடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள், உலோகம் சேர்ந்த பஸ்பம் வேண்டாம், பாதரசமே நடுக்கத்தை உண்டாக்கும்.

மகளுக்கு உங்களிடமிருந்து ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிக்கொண்டு தூங்கலாம், கணவரும் தனி அறைக்குப் போக வேண்டியதில்லை. அவளுக்கு வந்தால் அது உங்கள் தோட்டத்திலிருந்து வரும், உங்களுக்கே மறுபடி வரவும் வாய்ப்பு உண்டு. மே முதல் ஜூலை வரை வரும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். புல்வெளியில் விளையாடிவிட்டு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிக்கவையுங்கள், போட்டிருந்த துணியை அப்படியே ட்ரையரில் அதிக சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள், முழங்காலுக்குப் பின்புறம், அக்குள், காதுக்குப் பின்னால், முடிக்குள் விரலால் தடவிப் பாருங்கள். சம்மர் கேம்புக்குத் தாராளமாக அனுப்புங்கள், உடைக்கு மட்டும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்து அனுப்புங்கள். கடித்திருந்தால் எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம், நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எடுத்த உண்ணியை டேப்பில் ஒட்டி, தேதி எழுதி, அன்றைக்கே குழந்தை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஒரே வேளை தடுப்பு மருந்து தேவையா என்று அவர் சொல்வார், உண்ணியை எடுத்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும்.